நில்ப்புச் சேச்சி

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு ஒரு போன் குரூப் உண்டு. அதில் நூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேரும் அறிவாளிகள். கரண்ட் போய்விட்டது என்று ஒருவர் போட்டால் போதும், இங்கேயும் இல்லை என்று பதினைந்து பேர், நேற்றும் இதே நேரம்தான் போனது என்று ஏழு பேர், புகார் சொல்ல வேண்டிய நம்பர் இது என்று மூன்று பேர், அந்த நம்பரை எடுக்க அங்கே ஆளே கிடையாது என்று இரண்டு பேர். எல்லோரும் அவரவர் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு. எழுந்து முக்குவரை போய் டிரான்ஸ்பார்மரை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. எனக்கும்தான். நான் அந்தக் குரூப்பின் அட்மின். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைக் காக்கிறவர்களில் முதல் ஆள்.

அவள் மட்டும் போவாள். போய் நிற்பாள். நின்றுகொண்டே ஒரு வாய்ஸ் போடுவாள்.

"டிரான்ஸ்பார்மர்கிட்ட நிக்கிறேன். தூங்குமூஞ்சி மரத்துக் கொப்பு ஒண்ணு ஒடிஞ்சு கம்பி மேல கிடக்கு. லைன்மேன் சேட்டன் வந்தாச்சு. ஏணி வரல. ஏணிக்கு ஆள் போயிருக்கு."

அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது, கார்ப்பரேஷன் என்ன செய்கிறது என்ற கேள்வி கிடையாது. அவள் குரலுக்குப் பின்னால் கைவண்டி உருளும் சத்தம், ஆட்டின் கத்தல், யாரோ யாரையோ 'ஏ இக்கா' என்று கூப்பிடுவது. கேட்டு முடித்ததும் நூறு வீட்டுக்கும் நிலைமை தெரிந்துவிடும். ஏணி வருகிறவரைக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நிற்பதற்கு மலையாளத்தில் 'நில்ப்பு' என்பார்கள், அக்காவுக்குச் 'சேச்சி'. நில்ப்புச் சேச்சி என்று பேக்கரிக்காரர் பேர் வைத்தார். கேலியாகத்தான் வைத்தார். அப்புறம் அதுவே பேராகிவிட்டது. அவளுடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது குரூப்பில் போடுவார்கள், போடட்டும். எனக்கு வருகிற கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் பேரை அதில் இழுத்துவிட எனக்கு உரிமை இல்லை.

கம்பம் பக்கத்து ஆள். புருஷன் கொத்தனார். கட்டட வேலைக்கென்று மட்டாஞ்சேரி வந்து, நான் பார்க்கும்போது பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கு மிளகுக் கிட்டங்கியில், அதாவது குடோனில், சலிக்கிற வேலை. எங்கள் சந்தின் வளைவில், பழைய கிட்டங்கிக்குப் பின்புறம் வரிசையாகப் பதினோரு ஒற்றை அறைகள். லைன் வீடு என்போம். பதினோரு குடும்பமும் வாடகை. பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். உள்ளே குழாய் கிடையாது. வளைவில் ஒரு பொதுக் குழாய் இருந்தது, குடிக்கவும் சமைக்கவும் அதுதான். மூன்றாவது கதவு அவளுடையது.

எனக்கு அந்தச் சந்திலேயே கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். குரூப் முழுக்க மலையாளம். அதனால் காலையில் கிட்டங்கிக்குப் போகும் வழியில் என் கடை முன்னால் நின்று, போனை நீட்டி, "தம்பி, இதுல முக்கியமா எதும் இருக்கா?" என்று கேட்பாள். நான் மேலோட்டமாகப் பார்த்து, நாளைக்குத் தண்ணீர் வராதாம், வியாழக்கிழமை நாய்க்கு ஊசி போட வருகிறார்களாம் என்று படித்துச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போவாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் யோக்கியதை பின்னால் தெரியும்.

அவளைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். சில நாள் நானே அந்தக் கட்சிதான். ஒருமுறை யாரோ, கண்ணாடிக் கடை திறந்திருக்கிறதா என்று குரூப்பில் வாய்ஸ் போட்டுக் கேட்டுவிட்டார்கள். மணி பத்தேகால். நான் வீட்டில் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "திறந்தாச்சு" என்று நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வாய்ஸ் வந்துவிட்டது.

"கண்ணாடிக் கடை முன்னாடி நிக்கிறேன். பூட்டு தொங்குது. ஆள் இல்ல."

அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்தவர்களெல்லாம் பூட்டைப் பற்றியே விசாரித்தார்கள். மறுநாள் அவளிடம் எரிந்து விழுந்தேன். "என்னக்கா, மானத்த வாங்கிட்டீங்களே!"

"பூட்டு தொங்குச்சுல்ல?"

"தொங்குச்சு. அதுக்குன்னு?"

"அதத்தான் சொன்னேன்."

அவளிடம் சண்டை போடவும் முடியாது. அபிப்பிராயம் சொன்னால் அல்லவா மறுக்கலாம். யார் மேல் தப்பு, என்ன செய்யலாம் என்று கேட்டால், "அது எனக்குத் தெரியாது. இருக்கிறத சொல்றேன்" என்பாள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி வாசலில் கட்டிப் புரண்டபோதும் இப்படித்தான் நான்கு முழ தூரத்தில் போய் நின்றாள். அன்றைக்கு வாய்ஸ் போடவில்லை. சும்மா நின்றாள். ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறாள் என்றதும் இரண்டு பேருக்கும் அடிக்கிற கை தளர்ந்துவிட்டது. அந்த வீட்டில் இன்றுவரை அவளைத் திட்டுகிறார்கள்.

வேலியேற்றம் என்று இங்கே சொல்கிற கடல்பெருக்கு நாட்களில்தான் அவளுடைய மகிமை. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிக் காயல் ஏறும். சாக்கடை வழியாக உப்புத்தண்ணீர் திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையும். எவ்வளவு ஏறும், பிரிட்ஜைத் தூக்கி வைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைப் பாலத்துக்குக் கீழே இறங்கி நின்றுவிடுவாள்.

"பாலத்தடியில நிக்கிறேன். கணுக்கால் முங்கிருச்சு."

கால் மணி கழித்து, "கெண்டைக்கால் பாதி."

இன்னும் கொஞ்சம் கழித்து, "முட்டிக்கு நாலு விரல் கீழ. அப்படியே நிக்குது. இனி ஏறும்னும் தோணல, இறங்கும்னும் தோணல."

மாடி வீட்டில் ஒரு குஜராத்தி அம்மா இருக்கிறார். கீழ்த்தளத்தில் அவருக்குப் பாத்திரக் கடை. "சேச்சிக்கு எத்ர பொக்கம் உண்டு?" என்று ஒருநாள் குரூப்பில் கேட்டே விட்டார். சேச்சியின் உயரம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே முட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும். அப்புறம் அவரே இறங்கி வந்து, அவளைத் தன் கடைச் சுவரோரம் நிறுத்தி, முட்டி உயரத்தில் கரிக்கோடு போட்டுக்கொண்டார். வேலியேற்றம் வந்தால் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பித்தளைப் பாத்திரங்கள் மேல் தட்டுக்கு ஏறும். கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. உப்புத்தண்ணீரில் மணிக்கணக்காக நின்ற அந்தக் கால்களுக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்துச் சங்கத்துக்கு ஒரு செக்ரட்டரி. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கடை இருந்த கட்டடமும் அவருடையதுதான். ஒரு பகல் நேரம், அவருடைய மனைவி குளியலறையில் விழுந்து மண்டையில் அடி. ஆம்புலன்ஸ்காரனுக்கு வழி தெரியவில்லை. பார்க்க ஒரே மாதிரி மூன்று சந்துகள் இங்கே உண்டு. குரூப்பில் ஆளாளுக்கு வழி எழுதினார்கள். பள்ளிக்கு இடப்பக்கம் என்று ஒருவர், வலப்பக்கம் என்று இன்னொருவர். அவள், யாரோ சொல்லிக் கேட்டு, கிட்டங்கியிலிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் மிளகுத் தூசி. முக்கில் நடுரோட்டில் நின்று, இரண்டு கையையும் விரித்து, ஆட்டோக்களை நிறுத்தி, ஆம்புலன்ஸை உள்ளே திருப்பிவிட்டாள். "முக்குல நிக்கிறேன். வண்டி உள்ள வந்துருச்சு." ஒரு தும்மல் சத்தத்தோடு அந்த வாய்ஸ் முடிந்தது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் செக்ரட்டரி குரூப்பில் பெரிய நன்றிக் கடிதம் எழுதினார். 'பிரியப்பட்ட எல்லா உறுப்பினர்களுக்கும்' நன்றி. அதற்கு நாற்பது பேர் கை கூப்பும் படம் போட்டார்கள்.

அந்தக் கை கூப்பும் படத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் குரூப்பில் அது ஒரு மரியாதை. செக்ரட்டரி எது போட்டாலும் கை கூப்ப வேண்டும். காலை வணக்கமா, கை கூப்பு. யாராவது இறந்துவிட்டார்களா, கை கூப்பு. கொசுமருந்து அடிக்க வருகிறார்களா, கை கூப்பு. அவர் நீளமாக எழுதுவார், முழுக்கப் படிக்கிறவர் கிடையாது. போட்ட ஒரு நிமிஷத்துக்குள் கைகள் வரிசையாக வந்து நிற்கும். கை கூப்பாதவர்களைச் செக்ரட்டரி வழியில் பார்த்தால், "என்ன, உடம்பு சுகமில்லையா?" என்று கேட்பார். ஆகையால் எல்லோரும் கூப்பினார்கள். மலையாளம் படிக்கத் தெரியாத அவளும் கூப்பினாள். எந்தப் படத்தை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை செக்ரட்டரியின் நீளமான செய்தி ஒன்று வந்தது. முதலில் திருவிழா வாழ்த்து. பிறகு குப்பை எடுக்கும் நாள் மாற்றம். பிறகு தெருநாய். கடைசிப் பத்தியில், வளைவில் இருக்கும் பொதுக் குழாயால் கார் திரும்ப முடியவில்லை, தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது, எல்லா வீட்டுக்கும் தனிக் குழாய் வந்துவிட்டபடியால் அதை எடுத்துவிடும்படி தண்ணீர் ஆபீசுக்கு எழுதப் போகிறோம், உறுப்பினர்கள் சம்மதம் தெரிவிக்கவும் என்று.

எல்லா வீட்டுக்கும் தனிக் குழாய். அதாவது, லைன் வீடு அவர் கணக்கில் வீடே இல்லை.

கைகள் வரத் தொடங்கின. ஐந்து, பத்து, இருபது. அவள் அப்போதுதான் என் கடை முன்னால் வந்து நின்றாள். போனை நீட்டினாள்.

"தம்பி, முக்கியமா எதும் இருக்கா?"

நான் அந்தச் செய்தியை முழுக்கப் படித்திருந்தேன். எந்தக் காலத்திலும் முழுக்கப் படிக்காத நான், அன்றைக்குப் பார்த்துப் படித்திருந்தேன். எதிரே, செக்ரட்டரி அவர் வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"திருவிழா வாழ்த்துக்கா. குப்பை இனி செவ்வாய்க்கிழமை எடுப்பாங்களாம்" என்றேன்.

அவள் என் எதிரிலேயே கை கூப்பும் படத்தை அமுக்கிவிட்டுப் போனாள்.

சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கடை போய்விடும் என்ற பயம். இதற்கு வேறு நல்ல பேர் ஏதும் வைக்க நான் தயாராக இல்லை.

அன்று மத்தியானமே செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டுவிட்டார். கை கூப்பினவர்களின் பட்டியலை எழுதி, குரூப்பில் அந்தக் கைகள் வந்த பக்கத்தையும் அச்செடுத்து இணைத்து, ஆபீசுக்குக் கொடுக்க வேண்டும். எழுதினேன். ஒவ்வொரு நம்பராகப் பார்த்து, நேரே வீட்டுப் பேரை எழுதிக்கொண்டே வந்தேன். அவளுடைய நம்பர் வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதியது. நானேதான் எழுதினேன், பேனாவின் மேல் பழி போடுவானேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆபீஸ் மறந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம் கிட்டங்கிக்கு லீவான ஒரு காலை, பதினொரு மணி இருக்கும், அவளுடைய வாய்ஸ் வந்தது.

"குழாய்கிட்ட நிக்கிறேன். ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒருத்தர் கையில பைப் ரெஞ்சு இருக்கு. குழாய எடுக்கப் போறாங்களாம். ஒரு பேப்பர் காட்டுறாங்க, மலையாளத்துல இருக்கு. யாராச்சும் வந்து படிச்சுச் சொல்லுங்க."

கடையில் ஒரு வாடிக்கையாளர் புது பிரேமைப் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய காதுக் கம்பியை வளைப்பதில் மும்முரமானேன்.

இரண்டாவது வாய்ஸ்.

"அவரே படிச்சுச் சொல்லிட்டாரு. நாம எல்லாரும் குழாய் வேணாம்னு சம்மதிச்சதா இதுல இருக்காம். என் நம்பரும் இருக்கு. நான் சம்மதிக்கல. லைன் வீட்டுல யாரும் சம்மதிக்கல."

மூன்றாவது.

"குழாய்க்கு முன்னாடி நிக்கிறேன். தண்ணி வருது. என் குடம் அடியில இருக்கு. ரொம்பட்டும். ரொம்பினாலும் நான் நகர மாட்டேன்."

குரலில் நடுக்கம் இல்லை, சத்தமும் இல்லை. கொப்பு ஒடிந்ததைச் சொன்ன அதே குரல். நான் எதிர்பார்த்தது வேறு. உன் பெண்டாட்டிக்கு ஆம்புலன்ஸ் திருப்பினது யார், உன் பித்தளையைக் காப்பாற்றினது யார் என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்பாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன், நூறு பேரையும் நாறடித்திருப்பேன். அவள் ஒருவரையும் கேட்கவில்லை.

மூன்று வாய்ஸையும் எல்லோரும் கேட்டார்கள். அவள் குரல் பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் என் கடைவரை கேட்டது. ஒருவரும் பதில் போடவில்லை. ஒருவரும் போகவும் இல்லை. போன் அடித்தது. செக்ரட்டரி.

"எடோ, அவளெ ஆத்யம் குரூப்பில நின்னு மாற்று." முதலில் அவளைக் குரூப்பிலிருந்து எடு என்கிறார்.

"சேட்டா, அது…"

"தான் அட்மின் அல்லே? மாற்றெடோ." நீதானே அட்மின், எடு என்று அதட்டினார்.

எடுத்தேன். ஒரு விரல் வேலை. 'நீங்கள் இவரை நீக்கினீர்கள்' என்று வந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து பேக்கரிக்காரர், "எந்தாயி?" என்று போட்டார். என்ன ஆயிற்று? பதில் இல்லை. குஜராத்தி அம்மா, சேச்சி எங்கே என்ற அர்த்தத்தில் "சேச்சி எவிடெ?" என்று கேட்டார். பதில் இல்லை. குழாயைக் கழற்றிவிட்டார்களா, இல்லையா? அவளைப் பிடித்துத் தள்ளினார்களா? குடம் நிரம்பியதா? யாருக்கும் தெரியவில்லை. எத்தனை வருஷமாக எங்களுக்கு நிலைமையைச் சொன்ன ஆள் அவள் ஒருத்திதான். அவளுக்கு என்ன ஆயிற்று என்று போய் நின்று சொல்ல ஆள் இல்லை. கேள்விகள் மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

அப்போது வெளியே ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. எட்டிப் பார்த்தேன். குஜராத்தி அம்மா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கையில் மாவோடு நடந்து போனார். வேலியேற்ற நாளில்கூட வாசலைத் தாண்டாதவர்கள்.

வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு நானும் போனேன். வீரம் ஒன்றும் இல்லை. வெட்கம். என் வயதில் ஒருவன் கடைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறானே என்று என்மேலேயே வந்த எரிச்சல்.

வளைவில் இருபது பேராவது இருந்தார்கள். அவள் குழாய்க்கும் அந்த இரண்டு ஆட்களுக்கும் நடுவில் நின்றாள். குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. ரெஞ்சு வைத்திருந்தவன் பாவம், ஆபீஸ் அனுப்பி வந்தவன். கூட்டத்தைப் பார்த்துவிட்டு என் கையெழுத்தில் இருந்த பட்டியலைத் தூக்கிக் காட்டினான்.

"இது ஆரு தந்நதா?"

யார் கொடுத்தது என்று கேட்கிறான். செக்ரட்டரியும் வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தான் எழுதினேன்" என்று மலையாளத்தில் சொன்னேன். "இது சம்மதம் இல்லை. அவர் எது போட்டாலும் நாங்கள் கை கூப்புவோம். அதைத்தான் எண்ணி எழுதினேன். லைன் வீட்டுக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. இந்த அக்காவுக்குப் படித்துச் சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை."

குஜராத்தி அம்மா முன்னால் வந்தார். "என் மாமனார் செத்த செய்திக்கும் எல்லோரும் இந்தக் கைதான் போட்டார்கள். அதுக்கு அவர் சாகச் சம்மதம் என்று அர்த்தமா?"

யாரோ சிரித்தார்கள். பேக்கரிக்காரர் மாவுக் கையாலேயே பட்டியலை வாங்கித் தன் பேரைத் தேடி அடித்தார். பேனாவை அடுத்தவர் வாங்கினார். ஒவ்வொருவராக அடித்தார்கள். செக்ரட்டரி, கார் எப்படித் திரும்பும் என்று கேட்டார். அதற்குள் பேனா அடுத்த கைக்குப் போயிருந்தது. ரெஞ்சுக்காரன் காகிதத்தை மடித்தான். ஆட்சேபம் இருந்தால் கழற்ற முடியாது, ஆபீசில் பேசிக்கொள்ளுங்கள் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. குழாயை மூடினாள். குடத்தை இடுப்பில் ஏற்றினாள். என்னைத் தாண்டித்தான் போனாள், பார்க்கவில்லை.

குழாய் இன்றும் அங்கேதான் இருக்கிறது. கார்கள் பின்வாங்கித்தான் திரும்புகின்றன, திரும்பட்டும். அந்த மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்யச் சொன்னார் செக்ரட்டரி. இரண்டு சந்து தள்ளி வேறு இடம் பார்த்துக்கொண்டேன். வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான், அதற்காக நான் செத்துவிடவில்லை. அவளும் புருஷனும் பிறகு இரண்டு வருஷம் அங்கேயே இருந்தார்கள். ஏலூர் பக்கம் அவனுக்குப் பெரிய வேலை கிடைத்து, லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். எந்த நம்பரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது குழாய்ச் சண்டைக்கு மறுநாளைப் பற்றி.

முந்தின நாள் சாயங்காலமே அவளை நான் மறுபடியும் குரூப்பில் சேர்த்துவிட்டேன். 'நம் சேச்சி திரும்பி வந்தாச்சு' என்று மேலே ஒரு வரியும் போட்டேன். எல்லோரும் பூ போட்டார்கள், கைதட்டல் போட்டார்கள். ஒரு பாவத்தைக் கழுவிய சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன். காலையில் கிட்டங்கிக்குப் போகும் நேரத்துக்கு அவள் கடைக்கு வந்தாள். எப்போதும் வெளியே நிற்கிறவள் அன்றைக்கு உள்ளே வந்து, போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"தம்பி, இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?"

"எதுல இருந்துக்கா?"

"குரூப்புல இருந்து."

எனக்கு முகம் செத்துவிட்டது. "கோவமாக்கா? நான் பண்ணது தப்புதான். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அதான் திரும்பச் சேத்துட்டேன்ல?"

"நேத்து காலையில எடுத்தீங்க. என்னைக் கேக்கல. சாயங்காலம் சேத்தீங்க. அதையும் கேக்கல. தோணுனா இறக்கி வைக்கவும் தோணுனா தூக்கி வைக்கவும் நான் என்ன குடமா?"

"எல்லாரும் உங்களத் தேடுவாங்கக்கா. ஒரு கரண்ட் போனா, தண்ணி ஏறுனா…"

"தேடட்டும். மூணாவது கதவு. எல்லாருக்கும் தெரியும். வந்து கூப்பிட்டா வரமாட்டேன்னா சொன்னேன்? கூப்பிடுறவங்களும் கூட வரணும். வந்து பக்கத்துல நிக்கணும். நான் மட்டும் போய் நின்னு, நீங்கள்லாம் உக்காந்து கேட்டது போதும்."

நான் போனை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தன் உள்ளங்கையைப் போன்மேல் வைத்து மூடினாள்.

"நீங்க தொடாதீங்க. எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். குரூப் பேரை அமுக்கச் சொன்னேன். கீழே தள்ளிக்கொண்டே போகச் சொன்னேன். அவள் போனில் எல்லாம் தமிழில் இருந்தது. சிவப்பில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். வெளியேறு. அமுக்கினாள். நிச்சயம்தானா என்று போன் இன்னொரு முறை கேட்டது. அதையும் வாய்விட்டுப் படித்தாள். மறுபடி அமுக்கினாள்.

"போயிருச்சா?"

மேஜைமேல் கிடந்த என் போனைப் பார்த்தேன். "போயிருச்சுக்கா."

"யார் எடுத்ததா வந்திருக்கு?"

"யாரும் எடுக்கல. நீங்களே வெளியேறிட்டீங்கன்னு வந்திருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

"சரி" என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள்.